என் பில்லை மேலே, நான் கீழே

எனக்கு இன்றைக்கும் பயம் உண்டு. சபையில் சாட்சி சொல்ல எழுந்தவன் முதல் வார்த்தையாகப் பயத்தைச் சொல்லலாமா என்று பெரியவர்கள் நினைக்கலாம். நான் பொய்யாகத் தைரியம் பேசினால் ஆண்டவருக்குத் தெரியாதா? ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி மறுநாள் ஞாயிறு மத்தியானம் வரை பூமிக்கு அடியில் உயிரோடு புதைந்து கிடந்தேன். நான் அங்கே இருப்பது மேலே ஒருவருக்கும் தெரியாது. என்னைத் தேடவும் ஆள் கிடையாது. ஏனென்றால் சுரங்கத்துக் கணக்குப்படி நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

என் பெயர் சாமுவேல். ஞானஸ்நானத்துக்கு முன்னால் சின்னான். வட ஆற்காட்டில் மழை பொய்த்தபோது பிழைப்புத் தேடி வந்தவர்களில் நானும் ஒருவன். ஊரிகத்தில் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடு, தங்கச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் வேலை. எந்தச் சுரங்கம் என்பது வேண்டாம். பழி சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. இது நடந்தது இங்கே பிளேக் வருவதற்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். அப்போது நான் இரட்சிக்கப்பட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்டவன் என்று சாராயக் கடையில் கேட்டால் விவரமாகச் சொல்லுவார்கள். சம்பள நாளில் என்னை நாலு பேர் தூக்கி வந்து வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். என் மனைவி எஸ்தர் என் முகத்தைத் துடைத்து உள்ளே இழுத்துப் போடுவாள். அவள் ஜெபத்தால்தான் நான் மனுஷனானேன். ஜெபம் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். எனக்கு எழுத்து வாசனை கிடையாது.

சுரங்க வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஷிப்டுக்கு இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் எண் அடித்த ஒரு பித்தளைப் பில்லை உண்டு. இறங்கும்போது அதைப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறி வந்ததும் கொடுத்துவிட வேண்டும். எழுத்தர் வாங்கித் திரும்பப் பலகையில் மாட்டுவார். பலகை நிரம்பிவிட்டால், பாறைக்கு வெடி வைக்கிறவர்களைத் தவிர கீழே ஆள் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வேட்டு வைப்பவர்களுக்கு மணி அடிப்பார்கள். அவர்கள் திரியைக் கொளுத்திவிட்டுக் கடைசியாக ஏறி வருவார்கள்.

இது சட்டம். எங்கள் வழக்கம் வேறு. சனிக்கிழமை வரிசை அனுமார் வால் மாதிரி நீளும். அதில் யார் நிற்பது? எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். ஆறு பில்லையையும் எங்கள் மேஸ்திரி குப்பனிடம் கொடுத்துவிடுவோம். எங்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர்; அவன் முதல் கேஜில் ஏறிப்போய் மொத்தமாகக் கொடுத்துவிடுவான். மற்றவர்கள் அடுத்தடுத்த கேஜில் வந்து, கொட்டகை ஆணியில் தொங்கும் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு நேராக வீட்டுக்கு நடப்போம். எழுத்தரும் கண்டுகொள்வதில்லை. எல்லாக் கூட்டத்திலும் இதுதான் நடந்தது. ஒரு நாளும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, அந்த நாள் வரைக்கும்.

இனிச் சொல்லப்போவது வெட்கக்கேடு. ஆனாலும் சொல்லாமல் விட்டால் சாட்சி ஆகாது.

அப்போது கீழே மின்சார விளக்கு கிடையாது. ஷிப்டுக்கு ஆளுக்கு இத்தனை மெழுகுவர்த்தி என்று கொடுப்பார்கள். எரிந்து மீந்த துண்டுகளைத் திருப்பித் தர வேண்டும். நான் தரவில்லை. நாங்கள் வேலை செய்த ஆழத்தில், எங்கள் லெவலில், வேலை நின்றுபோன பழைய கிளைச் சுரங்கம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு கல்லுக்குப் பின்னால் தகர டப்பாவில் துண்டுகளைச் சேர்த்து வைப்பேன். சனிக்கிழமைதோறும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். எதற்கு? சாராயத்துக்கு இல்லை. ஜெப வீட்டுக்கு! எண்ணெய் இல்லாமல் சனிக்கிழமை மாலை ஜெபம் மங்கலில் நடந்துகொண்டிருந்தது. நான் துண்டுகளைக் கொண்டுபோய் வரிசையாக ஏற்றி வைத்தேன். கடையில் மலிவாக வாங்கினேன் என்று சொன்னேன். ஜெப வீட்டை நடத்தும் உபதேசியார் சபைக்கு முன்னால் என்னை எழுப்பி நிறுத்தி, பாருங்கள், குடித்துக் கெட்டவன் இன்று வெளிச்சம் கொடுக்கிறான் என்றார். எனக்கு நெஞ்சு இரண்டு பங்கு ஆனது. குடிகாரனாக இருந்தபோது என்னை யாரும் எழுப்பி நிறுத்தியதில்லை. விழுந்த இடத்தில் விட்டுவிடுவார்கள்.

குப்பனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் நம் மார்க்கத்தான் அல்ல, மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவன். "இன்னாடா சின்னான், உங்க சாமிக்கே திருட்டு வெளக்கா?" என்று சிரிப்பான். சாமுவேல் என்று அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஷிப்டு முடிந்தது. பில்லையைக் குப்பன் கையில் கொடுத்தேன். அவன் கேஜுக்குப் போனான். மற்ற நாலு பேரும் முன்னால் நடந்தார்கள். நான் ஒரு ஓட்டமாகப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த கேஜைப் பிடித்துவிடலாம் என்று பழைய கிளைக்குள் திரும்பினேன். வழக்கமாக அது முடிகிற காரியம்தான். அன்று பார்த்து கல் இறுகிக்கொண்டது. நெம்பி நெம்பிப் பார்த்தேன். விட்டுவிட்டு வந்திருக்கலாம். மாலை ஜெபத்தில் வெறுங்கையோடு நிற்க மனசு வரவில்லை.

டப்பா கைக்கு வந்த நேரத்தில் மேலே பலகை நிரம்பியிருக்கிறது. மணி அடித்துவிட்டார்கள்.

முதலில் காற்று வந்தது. சத்தம் பிறகுதான். கையிலிருந்த மெழுகுவர்த்தி அணைந்தது. என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. இரண்டாவது வேட்டு, மூன்றாவது வேட்டு. அப்புறம் தலைக்கு மேலே பாறை முனகிற்று. அந்த முனகல் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டேன். எனக்குப் பின்னால் கல் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது.

புகை தொண்டையை அடைத்தது. சுவரில் கசிந்த நீரில் தலைத்துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டேன். வந்த வழியைக் கையால் தடவித் தேடினேன். வழி இருந்த இடத்தில் கல் இருந்தது. மேலே தடவினேன், கல். கீழே தடவினேன், கல். கத்தினேன். என் சத்தம் என் காதிலேயே வந்து விழுந்தது.

அப்போதுதான் பில்லை ஞாபகம் வந்தது. கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். பில்லை கட்டிய கயிறு இல்லை, குப்பனோடு மேலே போய்விட்டது. சகோதரரே, வெறும் கழுத்தையே மறுபடி மறுபடி தடவிப் பார்த்தேன். இத்தனை ஆள் வேலை செய்கிற சுரங்கத்தில் என்னைத் தோண்டி எடுக்க ஒரு ஆள் கிடையாது. திங்கட்கிழமை நான் வேலைக்கு வராவிட்டால் என்ன சொல்லுவார்கள்? பழைய புத்தி, குடிக்கப் போய்விட்டான் என்பார்கள். என்னைத் தெரிந்த எவனும் அதைத்தான் சொல்லுவான். நானே சொல்லுவேன்.

ஜெபித்தேன். அது ஜெபமா, கூச்சலா என்று தெரியவில்லை. ஆண்டவரே, என்னை வெளியே எடும், இனிச் சாராயத்தைத் தொடமாட்டேன் என்றேன். அதை ஏற்கனவே விட்டாயிற்று. பேரம் பேச என்னிடம் வேறு சரக்கு இல்லை. எஸ்தர் சொல்லிக் கொடுத்த பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோயிற்று. தினமும் சொல்கிற ஜெபம்! மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் மறந்தது. 

மடியில் தீப்பெட்டி இருந்தது. உள்ளே மூன்று குச்சி. டப்பாவில் துண்டு மெழுகுவர்த்திகள் நிறைய. முதல் குச்சி நமத்திருந்தது. இரண்டாவது பற்றியது. ஒரு துண்டை ஏற்றினேன். வெளிச்சத்தில் பார்த்தபோது பயம் அதிகமானது. நான் கிடந்த இடம் எங்கள் வீட்டுச் சமையலறை அளவுதான். தலைக்கு மேலே தொங்கிய கல்லைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஒன்று அணைவதற்குள் இன்னொன்றை ஏற்றி வைத்தேன். சுவரில் வழிந்த தண்ணீரை நக்கிக் குடித்தேன். கல்லால் கல்லைத் தட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனை நேரமோ! அப்போது எனக்குள்ளே ஒரு பேச்சு எழும்பியது. பிசாசின் பேச்சு என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. வெளிச்சம் கொடுக்கிறவன் என்று பெயர் வாங்கினாயே, இதோ உன் திருட்டு வெளிச்சம், உட்கார்ந்து அனுபவி என்றது. நான் அழுதேன். திருடினேன் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னேன். வாங்கினேன் என்று பொய் சொன்னேன், உமக்காகத் திருடவில்லை, என்னை எழுப்பி நிறுத்தினார்களே, அதற்காகத் திருடினேன் என்றேன். அதைச் சொன்ன பிறகு பரமண்டல ஜெபம் கடைசிவரை வந்தது. பயம் போகவில்லை. ஜெபம் மட்டும் வந்தது.

அதற்கப்புறம் அசதியில் கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது எங்கும் இருட்டு. மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்து அணைந்திருந்தது. டப்பாவில் இன்னும் துண்டுகள் உண்டு. தீப்பெட்டியைத் தடவி எடுத்துக் கடைசிக் குச்சியை உரசினேன். ஒரு பொறி. அவ்வளவுதான். மருந்து உதிர்ந்து விரலில் ஒட்டியது.

இதற்கு மேல் பயத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆண்டவரே, வெளிச்சம் வேண்டாம், ஒரு மனுஷக் குரல் கேட்கட்டும், என் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிடட்டும், பிறகு நான் செத்தாலும் சரி என்றேன். அதையே சொன்னேன். நாக்கு வறண்டு ஒட்டியது. விட்டுவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தெரிந்தது. மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டு கல்லைத் தட்டினேன்.

இனி மேலே நடந்ததைச் சொல்கிறேன். எஸ்தர் சொல்லித் தெரிந்துகொண்டது இது.

பொழுது சாயும் வரை என்னைக் காணாமல் அவள் பில்லை அறைக்குப் போய் எழுத்தரிடம் கேட்டிருக்கிறாள். அவர் பலகையைக் காட்டினார். என் பில்லை ஆணியில் தொங்குகிறது. "அவன் அப்பவே மேல வந்துட்டாம்மா. போய் கடைப் பக்கம் பாரு" என்றாராம். எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரிகத்திலும் பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸிலும் உள்ள சாராயக் கடைகளில் எல்லாம் அவள் போய் நின்றாள். ஞானஸ்நானம் பெற்ற பெண் சாராயக் கடை வாசலில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அங்கே இல்லை. ஞாயிறு விடிந்ததும் கேஜ் இறங்கும் குழியான ஷாப்டு வாசலில் கம்பளி மாட்டுகிற கொட்டகைக்குப் போனாள். எல்லா ஆணியும் காலி. ஒரு ஆணியில் மட்டும் என் கம்பளி. அவள் கையால் ஓரம் தைத்தது. கீழே வேர்த்து வழிந்து வருகிறவன் கார்த்திகைக் காற்றில் கம்பளி இல்லாமல் பத்து அடி நடக்க மாட்டான்.

அதை எடுத்துக்கொண்டு ஜெப வீட்டுக்கு வந்தாள். ஆராதனை தொடங்கியிருந்தது. உபதேசியார் கண்ணை மூடி, மறுபடியும் குடியில் விழுந்துபோன எங்கள் சகோதரனை மீட்டுக்கொள்ளும் என்று உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். சபையே ஆமென் சொன்னது. உங்களில் சிலரும் சொன்னீர்கள். எனக்கு வருத்தமில்லை, நானும் ஆமென்தான் சொல்லியிருப்பேன்.

எஸ்தர் நடுவில் வந்து நின்று, "ஐயா, ஜெபத்த நிறுத்துங்க" என்றாள்.

உபதேசியார் கண் திறந்தார்.

"சாராயக் கடை எல்லாத்துலயும் பாத்துட்டேன். அங்க இல்ல. கம்பளி ஆணியிலயே தொங்குது. அவரு கீழதான் கீறாரு. இல்லாத எடத்துல அவர வெச்சி ஜெபம் பண்ணாதீங்க ஐயா."

உபதேசியார் நல்ல மனுஷர். வேதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவளோடு இறங்கி நடந்தார். நேராகக் குப்பன் வீட்டுக்குப் போனார்கள். குப்பன் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தானாம்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு மேல ஏறி வந்தத உன் கண்ணால பாத்தியா?" என்றாள் எஸ்தர்.

குப்பன் கையில் செம்பு இருந்தது. செம்பைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். உள்ளேயிருந்து அவன் பெண்சாதி, "சொல்லேன்யா! இன்னாத்துக்கு முழிக்கிற?" என்று கத்தினாள்.

"ஆறு பில்லை குடுத்தேன் தங்கச்சி," என்றான் குப்பன். "மேல வந்தது அஞ்சு பேருதான் நெனப்புல கீது, என்னயும் சேத்து."

இதைச் சொன்னால் அவன் மேஸ்திரி வேலை போய்விடும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். செம்பை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டவன், "போனா போவுது. வாங்க, துரை கிட்ட போலாம். அவன் எங்க மாட்டிகினு கீறான்னு எனக்குத் தெரியும்" என்றான்.

சுரங்க வேலையை நடத்தும் கேப்டன் துரை தன் வீட்டில் ஆராதனைக்குப் புறப்பட்டு நின்றார். குப்பன் ஒன்றையும் மறைக்கவில்லை. பில்லைகளை மொத்தமாகக் கொடுத்தது, பழைய கிளை, டப்பா, எல்லாம் சொன்னான். துரை தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு கேஜை இறக்கச் சொன்னார். உபதேசியார் வெள்ளை அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கினார்.

நான் இருட்டில் கிடந்தேன். கல்லைத் தட்டக் கையில் பலம் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு குரல் என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்போது கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சொல்லக் கூடாத இரண்டு வசவுக்குப் பிறகு, இது கேட்டது:

"டேய் சின்னான்! மெழுகுவர்த்தித் திருடா! உசுரோட கீறியா, இல்லியாடா?"

பெயரைச் சொல்லி ஒரு மனுஷக் குரல் கேட்டேன். ஆண்டவர் அனுப்பினார். என் பழைய பெயரையும் என் பாவத்தையும் சேர்த்தே சொல்லிக் கூப்பிட்டது அது. அதைவிட இனிமையான சத்தத்தை என் ஆயுசில் நான் கேட்டதில்லை. கீறேன், கீறேன் என்று அழுதேன். கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் உள்ளே வந்தது உபதேசியாரின் கை. விரலெல்லாம் ரத்தம்.

எனக்குப் பதினைந்து நாள் வேலை இல்லை என்றார்கள். சரி என்றேன். குப்பனுக்கு மேஸ்திரி வேலை போயிற்று. இன்றைக்கும் என் பக்கத்தில் நின்று துளை போடுகிறான். அதற்காக என்னைத் தினமும் திட்டுகிறான். கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை இந்தச் சபைக்கு முன்னால் எல்லாவற்றையும் அறிக்கை செய்தேன். மீந்திருந்த துண்டுகளை உபதேசியார் கட்டிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அன்று மாலை நாம் விளக்கில்லாமல் ஜெபித்தோம். இருட்டியபோது நான் எழுந்து ஓடப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் என் தோளில் கை வைத்தார். பின்னாலிருந்தும் ஒரு கை. யார் யார் என்று தெரியாது. உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் முதல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஜெப வீட்டுக்கு ஒரு கரண்டி எண்ணெய் வர ஆரம்பித்தது.

இப்போது கீழே மின்சார விளக்கு வந்துவிட்டது. ஆனாலும் கேஜ் இறங்கும்போது எனக்குப் பயம்தான். பயந்துகொண்டே ஜெபிக்கிறேன். ஏறி வந்ததும் வரிசையில் நின்று என் பில்லையை என் கையாலேயே கொடுக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பிழைத்து வந்து பல நாள் கழித்து எஸ்தரைக் கேட்டேன், "நான் குடிக்கப் போகலன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று. என்மேல் அவ்வளவு விசுவாசம் என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரியாது," என்றாள். "குடிக்கத்தான் போயிட்டீங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு கடை வாசல்லயும் நின்னு, ஆண்டவரே, குடிச்சிட்டு விழுந்து கெடந்தாலும் பரவால்ல, இங்க உசுரோட இருக்கட்டும்னு ஜெபம் பண்ணேன். எந்தக் கடையிலயும் இல்ல. அதான் அடுத்த எடத்துக்குப் போனேன்."

சகோதர சகோதரிகளே, அவள் கேட்டது எந்த வாசலிலும் கிடைக்கவில்லை. அவள் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. உங்களில் யாருக்காவது இன்று ஜெபம் பதில் இல்லாமல் நின்றால், பயத்தோடேயே அடுத்த வாசலுக்குப் போங்கள். யாரும் தேடாத இடத்தில் நீங்கள் கிடந்தால், கல்லைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எஸ்தர் அந்தக் கம்பளியைக் கொண்டு வந்திருக்கிறாள். வெளியே குளிர்கிறது, போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.